கழுவாத வண்டிகளுக்கு ஒரு வரிசை

தமிழ்நாட்டில் ஜாவா, யெஸ்டி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

உங்கள் வண்டிகள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன. இந்த மடல் அதைப் பற்றிய புகார்தான்.

ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிறு வந்துவிட்டால் ஊருக்கு ஊர் கூடுகிறீர்கள். மெரூன் நிற டேங்க், அதன் இரு பக்கமும் முகம் பார்க்கலாம் போலக் குரோம், புதிதாக முலாம் போட்ட ஸ்போக், பின்னால் நீண்டு போகும் இரட்டை சைலன்சர். பார்க்கக் கண் கோடி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையின் ஓரத்தில் எப்போதாவது ஒரு வண்டி தனியாக நிற்கும். அதற்கு ஹெட்லைட் இருக்காது. முன் மட்கார்டை டயருக்கு எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டியிருப்பார்கள். ஹேண்டில்பாரில் ஒரு குறுக்குக் கம்பியை வைத்து வெல்டிங் அடித்திருக்கும். ஃபுட்ரெஸ்ட் வளைந்து, நிமிர்த்தப்பட்டு, மறுபடி வளைந்திருக்கும். பட்டன் டயரின் இடுக்கில் காய்ந்த செம்மண். என்றோ ஏதோ ஒரு மைதானத்தில் மண் ரேஸ் ஓடிய வண்டி. அதைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு, “அண்ணே, இதை ஒரிஜினலா மாத்திடலாம். புதுப்பேட்டையில தேடினா எல்லா பார்ட்ஸும் கிடைக்கும்” என்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாலு பேருக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

சாலை வண்டிக்கு ஒரிஜினல் என்றால், கம்பெனி வாசலைத் தாண்டிய அன்று அது எப்படி இருந்ததோ அந்த நிலை. மண்ணில் ஓடிய வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அறுத்தது, ஒட்டியது, துளை போட்டது, இன்னொரு வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டியது எல்லாம் சேர்ந்துதான் அந்த வண்டி. அவற்றைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது, உங்களில் நூறு பேரிடம் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு 250. ஒன்றே ஒன்றாக இருந்ததை நூற்றியொன்றாவதாக ஆக்குவதற்கு நீங்கள் கைக்காசையும் செலவழிக்கிறீர்கள்.

உங்கள் வண்டியின் பங்காளியிடமிருந்து தொடங்குகிறேன். மைசூரில் ஐடியல் ஜாவா 1961-இல் தயாரிப்பைத் தொடங்கியபோது செய்தது செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா 250. அந்நாட்டின் தென்பகுதியில் ஸ்ட்ராகோனிட்சே என்று ஒரு ஊர். அங்கே துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஆலை ஒன்று மோட்டார் சைக்கிளும் செய்தது. அதுதான் சி.இசட். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு ஜாவா, சி.இசட். இரண்டு கம்பெனிகளையும் நாட்டுடைமையாக்கி ஒன்றோடொன்று நெருக்கிவைத்தது. உங்கள் ஜாவாவில் ஒரே சிலிண்டர்தான், ஆனால் புகை வெளியேற இரண்டு வழி, இரண்டு குழாய். “ஒரு சிலிண்டருக்கு எதுக்குண்ணே ரெண்டு சைலன்சர்?” என்று பெட்ரோல் பங்கில் யாராவது கேட்டிருப்பார்கள். அதே ஏற்பாட்டை வைத்துக்கொண்டுதான் சி.இசட். மோட்டோகிராஸ் என்ற மண் ரேஸில் உலகப் பட்டத்தை அடித்தது. 1964-இல் 250 சிசி பிரிவில் ஜோயல் ரோபேர் என்ற பெல்ஜியக்காரர் வென்றபோது அவருக்கு வயது இருபது. மறு ஆண்டு சோவியத் நாட்டு விக்டர் அர்பேகோவ். அதற்கடுத்த மூன்று ஆண்டுகள், 1966 முதல் 1968 வரை, கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ் 500 சிசி பிரிவையே கைப்பற்றினார். அவர் ஓட்டியது 360 சிசி வண்டி. பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்குகள் ஆண்டுவந்த பிரிவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய டூ ஸ்ட்ரோக் அது. 1968-லும் 1969-லும் ரோபேர் மறுபடி 250 பட்டத்தை வென்றுவிட்டுத்தான் ஜப்பானின் சுசுகிக்குப் போனார்.

மைசூரில் குடும்பஸ்தர் பால் கேனும் பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டு போன வண்டியின் உடன்பங்காளி, பெல்ஜியத்துச் சேற்றில் உலகச் சாம்பியன். இதை நீங்கள் உங்கள் டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்ளாதது எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த இரட்டைக் குழாய் சி.இசட்.டின் புகைக்குழாய்களைப் படத்திலாவது பாருங்கள். உங்கள் சைலன்சர் போல ஒரே பருமனில் நீண்டிருக்காது. கழுத்தில் ஒடுங்கி, நடுவில் வயிறு பெருத்து, கடைசியில் மறுபடி சிறுத்துப் போகும். அந்த வயிறுதான் டூ ஸ்ட்ரோக்கின் ரகசியம். வெடித்த புகை குழாயில் பாயும்போது அதோடு ஒரு அழுத்த அலையும் ஓடுகிறது. குழாய் அகலும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி எதிர்மறையாகத் திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துக்கொள்கிறது. புகையோடு கொஞ்சம் புதுப் பெட்ரோல் கலவையும் வெளியே வழிந்துவிடும். குழாய் குறுகும் இடத்தில் இன்னொரு அலை அழுத்தத்தோடு திரும்பி வந்து, வழிந்த கலவையை, துவாரம் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. வால்வு செய்யும் வேலையைக் காற்றே செய்கிறது. இந்தக் கணக்கைக் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். ஆலையின் வால்டர் காடன் என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கட்டினார். 1961-இல் அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பி, அறிவையும் எடுத்துக்கொண்டு சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். உளவுப் படம் எடுக்கலாம் போன்ற கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

சி.இசட்.டைக் காசு கொடுத்து வாங்கிய சாதாரண ஆட்டக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனதும் முதலில் கைவைத்தது எதில் தெரியுமா? ஜிகோவ் கார்பரேட்டரில். கழற்றிவிட்டு பிங் அல்லது மிகுனி மாட்டினார்கள். சிரிக்காதீர்கள், ஐடிலிங் நிற்கவில்லை என்று உங்களில் எத்தனை பேர் அதே ஜிகோவைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு ஷாக் அப்சார்பர் மாறியது, மட்கார்டு பிளாஸ்டிக்காக மாறியது, இக்னிஷன் மாறியது. இன்று எங்கேயாவது ஜிகோவும் முதல் நாள் மட்கார்டும் அப்படியே இருக்கும் சி.இசட். கிடைத்தால், அது அதிகம் ஓடாத வண்டி என்று யூகிக்கலாம். கண்காட்சிக்கு அது பொக்கிஷம். எனக்கென்னவோ அதன்மேல் கொஞ்சம் பரிதாபம்தான் வருகிறது.

மாற்றங்கள் சேர்ந்ததுதான் வண்டி என்பதை எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்லும் வண்டி இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பதிவெண் ஜி.ஓ.வி. 132. ஏரியல் கம்பெனியின் 500 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், கனமான வண்டி. ஓட்டியவர் பெல்ஃபாஸ்டில் பிறந்த சாமி மில்லர். டிரையல் என்ற போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, ஓடை, வழுக்கும் வேர் எல்லாவற்றின் மீதும் காலைக் கீழே ஊன்றாமல் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். ஊன்றினால் அபராதப் புள்ளி. அதற்கு எடை பகை. மில்லர் அந்த ஏரியலை ஆண்டுக்கு ஆண்டு செதுக்கினார். இரும்பு போய் அலுமினியம் வந்தது, சில இடங்களில் டைட்டானியம். டேங்கும் சீட்டும் கண்ணாடியிழை. துளை போடக்கூடிய இடத்திலெல்லாம் துளை. அந்த வண்டியில் 1962-லும் 1964-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை வென்றார். பிறகு அதை விட்டுவிட்டு ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனிக்குப் போய், அங்கே 12 நாட்களில் ஒரு சிறிய டூ ஸ்ட்ரோக்கைச் செதுக்கிக் கொடுத்து, 1965-இல் அதிலும் ஸ்காட்லாந்தை வென்றார். பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்குகளின் காலம் அதோடு முடிந்தது. தன் ஏரியலைத் தானே தோற்கடித்தவர் அவர்.

ஜி.ஓ.வி. 132 இப்போது நியூ மில்டனில் மில்லரின் சொந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நிமிடம் நம் நாலு பேரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். கனமான இரும்பு டேங்க் தேடிப்பிடித்து மாட்டி, துளைகளை அடைத்து, கம்பெனிப் பட்டியலில் உள்ள நிறத்தை அடித்து, “இப்பதான் ஒரிஜினல்” என்பார்கள். பிறகு அதைப் பார்க்க யார் போவார்கள்?

மண் வண்டியில் வேறொன்றும் உண்டு. அது உடையும். உடைந்த இடத்திலேயே அதைச் சரிசெய்ய வேண்டும். இந்தப் பாடத்தை ஒரு பெரிய கம்பெனி அதிக விலை கொடுத்துப் படித்தது. பி.எஸ்.ஏ.வின் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 இரண்டு ஆண்டும் 500 சிசி உலகச் சாம்பியன். டூ ஸ்ட்ரோக்குகள் நெருங்கி வருவதைப் பார்த்த கம்பெனி, 1966-க்கு எடையைக் குறைக்க முழுச் சட்டத்தையும் டைட்டானியத்தில் செய்தது. அன்றைக்கு அது விமானத் தொழிலின் உலோகம். சட்டம் லேசாகத்தான் இருந்தது. விரிசலும் விட்டது. இரும்புச் சட்டம் விரிசல் விட்டால் மைதானத்து ஓரத்தில் ஒரு கேஸ் வெல்டிங் போட்டு அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடலாம். டைட்டானியம் சூடேறும்போது காற்று படக்கூடாது. மந்த வாயு சூழ வைத்துத்தான் ஒட்ட வேண்டும். சேற்று மைதானத்தில் அதற்கு எங்கே போவது? அந்த ஆண்டுதான் ஃபிரீட்ரிக்ஸின் சி.இசட். பட்டத்தைக் கொண்டுபோனது. அந்த டைட்டானிய பி.எஸ்.ஏ. இன்று அபூர்வத்திலும் அபூர்வம். தோற்றதால்தான் அபூர்வம்.

உங்கள் வரிசையின் ஓரத்தில் நிற்கும் வண்டியில் கரடுமுரடாகத் தெரிகிறதே வெல்டிங், அதைத் தேய்த்து வழவழப்பாக்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தான் எங்கே உடையும் என்று வண்டி சொன்னதற்கு யாரோ ஒரு பட்டறைக்காரர் எழுதிய பதில் அது.

விசித்திரமான வண்டிகள் பற்றிப் பேசினால் கிரீவ்ஸைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. எசெக்ஸ் மாவட்டத்தில் தண்டர்ஸ்லி என்ற ஊர். பெர்ட் கிரீவ்ஸ் என்பவரின் உறவினர் டெரி பிரெஸ்டன் காப்புக்குப் பிறவியிலிருந்தே கால்கள் செயல்படாது. அவருடைய சக்கர நாற்காலியில் கிரீவ்ஸ் ஒரு சிறு இன்ஜினைப் பொருத்தினார். அது நன்றாக ஓடியது. இருவரும் சேர்ந்து இன்வாகார் என்ற கம்பெனியைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி செய்தார்கள். பிரிட்டிஷ் அரசு பிற்காலத்தில் வழங்கிய அந்த இளநீல வண்டிகளை அந்நாட்டில் நடுவயது தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் சேர்ந்த பணமும் அறிவும்தான் 1950களில் மோட்டார் சைக்கிளாக மாறியது. மூன்று சக்கர வண்டியில் குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கப்படும் ரப்பரை வைத்திருந்தார்கள். அதே ரப்பர் பந்தய வண்டியின் முன் ஃபோர்க்குக்குள் போனது. சட்டத்தின் முன்பகுதியோ இன்னும் விநோதம். குழாய்க்குப் பதில் ஐ வடிவத்தில் வார்த்த அலுமினிய உத்தரம். பார்ப்பதற்குப் பாலத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோல இருக்கும். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 1960-லும் 1961-லும் டேவ் பிக்கர்ஸ் அதில் ஐரோப்பிய 250 சிசி பட்டத்தை வாங்கினார். உலகப் பட்டம் என்ற பெயர் அந்தப் பிரிவுக்கு 1962-இல்தான் வந்தது. அதற்கு முன் அதுதான் உச்சம். அதே பிக்கர்ஸ் பின்னாளில் சி.இசட். ஓட்டியதும், அதை இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்து விற்றதும் தனிக்கதை.

நடக்க முடியாத ஒருவருக்குச் செய்த ஏற்பாடு, நடக்கவே முடியாத சேற்றுச் சரிவில் ஏறும் வண்டிக்கு உதவியது. பெரிய கம்பெனியின் வடிவமைப்புக் கூடத்தில் இது தோன்றியிருக்காது. மண் வண்டிகளின் வரலாறு முழுக்க இப்படி வாசல் வழியாக வராமல் கொல்லைப்புறமாக வந்தவர்கள்தான். ஸ்பெயினின் ஓசா முதலில் செய்தது சினிமா புரொஜெக்டர். தியேட்டருக்கு இயந்திரம் செய்த கை, 1970 முதல் 1972 வரை மிக் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற வண்டியைச் செய்தது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் கோதுமை வயல்களுக்கு நடுவே ஏதீனா என்ற சிற்றூர். அங்கே விவசாய மருந்து விற்ற கம்பெனியின் கிளை நிறுவனம் ஒன்று ஜப்பானிலிருந்து யமகுச்சி என்ற வண்டியை இறக்குமதி செய்துவந்தது. 1963-இல் யமகுச்சி திவாலானது. கடையை மூடாமல், அதற்கு இன்ஜின் செய்துகொடுத்த ஹோடாகா கம்பெனியையே பிடித்து, காட்டுக்கும் மேட்டுக்கும் ஏற்ற ஒரு சிறு வண்டியைத் தாங்களே வடிவமைத்து அங்கே செய்யச் சொன்னார்கள். 1964-இல் வந்த ஏஸ் 90 அதுதான். பிறகு வந்த மாடல்களுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: சூப்பர் ராட், காம்பாட் வாம்பாட், டர்ட் ஸ்குவர்ட், ரோட் டோட். எலியும் தேரையுமாகப் பெயர் வைத்து விற்றவர்கள் தங்களைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. 1978-இல் கதை முடிந்தது. ஆனாலும் அந்த ஊரில் ஹோடாகா நாள் என்று இன்றும் கூடுகிறார்கள், நீங்கள் கூடுவதுபோலவே.

அமெரிக்காவின் ரோக்கான் கம்பெனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் சார்லி ஃபென் உருவாக்கிய டிரெயில் பிரேக்கர் என்ற வண்டியில் இரண்டு சக்கரங்களுக்குமே இன்ஜினின் சக்தி போகும். ஜீப்புக்கு ஃபோர் வீல் டிரைவ் போல இதற்கு டூ வீல் டிரைவ். சக்கரத்தின் நடுவில் ஸ்போக் கிடையாது, உள்ளே வெற்றிடம் உள்ள உலோகப் பீப்பாய். அதில் கூடுதல் பெட்ரோலோ தண்ணீரோ ஊற்றிக்கொள்ளலாம். காலியாக விட்டால் வண்டி ஆற்றில் மிதக்கும். வேகம் சைக்கிள்காரர் கொஞ்சம் முயன்றால் பிடித்துவிடுகிற அளவுதான். மரம் விழுந்த காட்டுப் பாதையில் அதைவிட எதற்கு? நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இன்றும் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதே கம்பெனி 1970களில் ஆர்.டி. 340 என்று ஒரு பந்தய வண்டியும் செய்தது. பனிச்சறுக்கு வண்டியில் பயன்பட்ட சாக்ஸ் இன்ஜின், கியரே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் டிரான்ஸ்மிஷன், கிக்கருக்குப் பதிலாகக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஏற்பாடு, மற்றவர்கள் டிரம் பிரேக்கோடு இருந்த காலத்தில் டிஸ்க் பிரேக். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் பிடிக்காது, வண்டி உருண்டுகொண்டே போகும். இறக்கத்தில் அது ஓட்டுபவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை விநோதத்தையும் ஒரே வண்டியில் வைத்து விற்கத் துணிந்தவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, “இவன் வண்டியை அறுக்கச் சொல்கிறான்” என்று கிளம்பிவிடாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். யெஸ்டி பெயரில் 2022-இல் ஷோரூமுக்கே ஸ்கிராம்ப்ளர் வந்துவிட்டது. அதைப் பார்த்த ஆசையில், முழுசாக, ஆர்.சி. புத்தகத்தோடு, டூல் பாக்ஸ் மூடி வரை ஒழுங்காக இருக்கும் பழைய ஜாவாவை அறுத்து, பட்டன் டயர் மாட்டி, பழுப்பு சீட் தைத்து, கடற்கரைச் சாலையில் நிறுத்திப் படம் எடுக்கும் தம்பிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. அந்த வண்டி ஒருநாளும் மண்ணைப் பார்க்கப் போவதில்லை. மில்லர் போட்ட துளை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. படத்துக்காகப் போட்ட துளைக்கு அது கிடையாது. அறுத்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே பாதி காணாமல்போய், ஆர்.சி.யும் தொலைந்து, காயலான் கடை வாசலில் எடைக்குப் போகக் காத்திருக்கும் சட்டத்தை எடுங்கள். பிறகு அதை மண்ணுக்குக் கொண்டுபோங்கள். விழுங்கள். வளைந்ததை நிமிர்த்துங்கள். பத்து வருடம் கழித்து அது ஒரு வண்டியாகியிருக்கும்.

பழைய மண் வண்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது? முதல் வேலை, எதையும் செய்யாமல் இருப்பது. கழுவக்கூடத் தேவையில்லை. எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், சட்டத்திலும் இன்ஜினிலும் உள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம், “யார் ஓட்டினது, எந்தப் பட்டறையில வேலை பார்த்தது, இந்த பிராக்கெட் எதுக்கு?” என்று கேளுங்கள். காசு கைமாறுவதற்கு முன்பே கேளுங்கள், பிறகு அவருக்கு நேரம் இருக்காது. கழற்றும் ஒவ்வொன்றையும் சீட்டு எழுதிக் கட்டிப் பெட்டியில் போடுங்கள், உதவாது என்று தோன்றினாலும்.

தயவுசெய்து மணல் வீச்சுக்குக் கொடுக்காதீர்கள். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டுகள் மழுங்கிப்போய், பிறகு அதற்குத் தடையே வந்த கதை உங்களுக்குத் தெரியும். சட்டத்தில் உள்ள எண், சுத்தியல் தடம், ஐந்து வகை பெயின்ட் அடுக்கு எல்லாம் அதே வழியில்தான் போகும். இன்ஜின் கேஸுக்குக் கேடு இன்னும் அதிகம். பழைய பந்தய வண்டிகள் சிலவற்றின் கேஸ் மக்னீசியத்தில் வார்த்தது. அதன் மேற்பரப்பைக் காயப்படுத்தினால் நம் ஊர் ஈரக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒளிந்து தங்கும் ஒரு சிட்டிகை மணல் போதும், பேரிங் போய்விடும்.

பெட்ரோலைப் பற்றி எல்லாரும் கொஞ்சம் கவலைப்படுங்கள். இன்று பங்கில் போடுவதில் 20 விழுக்காடு எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். நாமோ ஆயில் கலந்த பெட்ரோல் போடுகிறவர்கள். அடியிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் அந்தக் கசடில் ஆயில் எவ்வளவு இருக்கும்? டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் அந்த ஆயிலைத் தவிர வேறு கதியில்லை. சும்மா நிற்கும் வண்டியின் டேங்கைக் காலி செய்து வையுங்கள். பழைய காக் வாஷரும் ரப்பர் குழாயும் ஊறி உப்பும், மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் ஒரிஜினல் பிடிவாதம் வேண்டாம். யாரிடமாவது புல்டாகோவோ ஓசாவோ இருக்குமானால், அல்லது ரேஸுக்கென்று யாரோ கண்ணாடியிழையில் செய்த டேங்க் உங்கள் யெஸ்டியில் இருக்குமானால், பெட்ரோலை இன்றே வடித்துவிடுங்கள். எத்தனால் கண்ணாடியிழை டேங்கின் பிசினைக் கரைக்கும். கரைந்த பிசின் இன்ஜினுக்குள் போனால் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். டேங்கும் போகும், இன்ஜினும் போகும்.

இனி என் கோரிக்கை. வரும் ஜூலைக் கூட்டத்தில் ஒரு வரிசையை ஒதுக்குங்கள். மண் ரேஸ் ஓடிய யெஸ்டி, கிணற்று மோட்டார் தூக்கப் போன ராஜ்தூத், மலைத் தோட்டத்தில் மூட்டை ஏற்றச் சட்டத்தை நீட்டிய ஜாவா, எதுவானாலும் அங்கே நிற்கட்டும். பரிசும் மதிப்பெண்ணும் வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள்: எதை மாற்றினார்கள், யார் மாற்றினார்கள், ஏன். லேத்துப் பட்டறைக்காரரின் பெயர் தெரிந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால் ஆட்டோ வைத்து அழைத்துவந்து அந்த வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தம்பிமார்கள் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள நிறைய இருக்கிறது. எந்தப் போர்ட்டை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தினார், எந்த வண்டியின் பிஸ்டன் இதற்குப் பொருந்தியது, ஃபோர்க்கில் எந்த ஆயிலை ஊற்றினார் என்பதெல்லாம் எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இல்லை. அந்தப் பட்டறைக்காரர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

லைட்டும் ஹாரனும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். போலீஸ்காரர் பிடித்தால் அவர் பக்கம்தான் நியாயம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை வேன் பிடித்தால் செலவு பெரிதாக வராது. வண்டியைப் படுக்கப்போட்டு ஏற்றாமல் நிறுத்தி வைத்துக் கயிறு கட்டுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: முந்தின நாள் வாட்டர் சர்வீஸுக்கு விட்டுவிட்டு வரக்கூடாது.

அன்புடன்,
ஒரு பழைய யெஸ்டிக்காரன்